பறக்க வேண்டாம் என்று பைலட் சொன்னால் இறங்கி வர விடுங்கள்: இமாச்சலத்துக்கு ட்ரிப் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து இமாச்சலத்துக்கு ஆள் கூட்டிப் போகும் ட்ரிப் ஏற்பாட்டாளர்கள் அனைவருக்கும்,

போன அக்டோபரில் நானும் என் மகளும் வந்த அதே ட்ரிப்பின் புது அட்டவணை இந்த வாரம் என் வாட்ஸ்அப்புக்கு வந்தது. ஐந்தாம் நாள் இப்படி இருக்கிறது: "காலை 7 மணிக்கு மணாலியிலிருந்து புறப்பாடு. பிற்பகல் பீர். பாராகிளைடிங். மாலை 6 மணிக்கு டெல்லி பஸ்." கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: "வானிலை காரணமாகப் பறக்க முடியாவிட்டால் கட்டணம் திருப்பித் தரப்படாது."

போன வருடம் இருந்ததில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அந்த அட்டவணையால் எங்களோடு வந்த ஒரு திருச்சிப் பிள்ளையின் கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்தது. பிளேட் வைத்தார்கள். மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை. நடந்ததை எல்லாம் விவரமாக எழுதி அனுப்பினேன். "எல்லாரும் படிச்சுப் பார்த்துதானே ஓகே கொடுத்தீங்க மேடம்" என்று ஒரு வரியில் பதில் வந்தது. அப்புறம் ஆறு மாதம் சத்தமே இல்லை. இப்போது இந்த அட்டவணை.

அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஊருக்குத் திரும்பியபின் இன்னும் ஏழெட்டு ட்ரிப் விளம்பரங்களை உட்கார்ந்து படித்தேன். அதே அரை நாள், அதே சின்ன எழுத்து. அதனால் இந்த மடல் உங்கள் எல்லாருக்கும்தான்.

பீர், காங்க்ரா மாவட்டத்தில் தௌலதார் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிற கிராமம். அங்கிருந்து 14 கிலோமீட்டர் வளைந்து வளைந்து மேலே ஏறினால் பில்லிங், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர். அங்குள்ள புல்சரிவில் பைலட்டோடு சேர்த்துக் கட்டி, துணிச் சிறகு ஒன்றில் தொங்கியபடி ஓடிப் பறந்து, கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் கீழே பீர் மைதானத்தில் இறங்குகிறார்கள். 2015இல் இந்தியாவில் முதன்முதலாகப் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது இங்கேதான். 2024 நவம்பரில் மறுபடியும் நடந்தது. இதெல்லாம் உங்கள் விளம்பரத்திலேயே பெரிய எழுத்தில் இருக்கிறது. விளம்பரத்தில் இல்லாதது ஒன்று உண்டு. அந்த மாதிரிப் போட்டிகளிலேயே காற்று சரியில்லை என்றால் அன்றைய சுற்றை ரத்து செய்துவிடுவார்கள். வருடக்கணக்காகப் பறக்கிறவர்களே அன்றைக்குக் கீழே உட்கார்ந்திருப்பார்கள்.

நாங்கள் போன நாளைச் சொல்கிறேன்.

மண்டி வழியாக வந்து சேரும்போதே மணி ஒன்றரை. சாப்பிட நேரமில்லை என்று பஸ்ஸிலேயே பிரெட் கொடுத்தார்கள். ஜீப்பில் பில்லிங் ஏறி நிற்கும்போது மூன்றைத் தாண்டிவிட்டது. மேலே பௌத்தக் கொடிகள் கயிற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. இரண்டு மூன்று டீக்கடை. சரிவின் விளிம்பில் ஒரு கம்பத்தில், காற்று அடிக்கும் திசையைக் காட்டும் காற்றுப் பை. ஓடிப் பறக்க, எதிரே பள்ளத்தாக்கிலிருந்து காற்று வர வேண்டும். அந்தப் பையைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சற்று நேரம் பள்ளத்தாக்கிலிருந்து நம்மை நோக்கி நீண்டு நிற்கும். அப்புறம் தொங்கிப்போகும். திடீரென்று திரும்பி, மலையிலிருந்து பள்ளத்தாக்குப் பக்கம் அடிக்கும். பின்னால் முகடு முழுக்க மேகம் இறங்கி வெயில் போய்விட்டது.

எங்களுக்கு ஒதுக்கியிருந்த பைலட்களில் ஒருவர் ஐம்பதை நெருங்கியவர், அந்த ஊர்க்காரர். அவரும் அந்தப் பையைத்தான் பார்த்தார். ஒரு கைப்பிடி புல்லைக் கிள்ளி மேலே விட்டார். அது அவர் தோளைத் தாண்டி முன்னால், சரிவை நோக்கிப் பறந்தது. "ஹவா டீக் நஹீ", காற்று சரியில்லை என்று சொல்லிவிட்டு, விரித்துப் போட்டிருந்த துணிச் சிறகை மடிக்க ஆரம்பித்தார். அதற்குமேல் ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. மண்டியிட்டு, இரண்டு பக்கத் துணியையும் நடுவுக்குக் கொண்டுவந்து, முழங்கையால் அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றினார்.

எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. நாகப்பட்டினம் பக்கம் கட்டுமரம் ஓட்டியவர் அவர். விடியுமுன் கரையில் நின்று வாடையா, கொண்டலா, கச்சானா, எந்தத் திசைக் காற்று என்று பார்ப்பார். சில நாள் அப்படியே வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அன்றைக்கு வீட்டில் கஞ்சிதான். ஆனாலும் ஏன் போகவில்லை என்று அம்மா ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்பது எங்கள் குப்பத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பில்லிங்கில் கேட்டார்கள். உங்களைப் போல ஒருவர் அனுப்பிய கோஆர்டினேட்டர் கேட்டார். இருபத்தைந்து வயது இருக்கும், நல்ல பையன்தான். வழியெல்லாம் எல்லாரையும் அன்பாகக் கவனித்துக்கொண்டவன். ஆனால் அன்றைக்கு அவன் கையில் ஆறு மணி பஸ் இருந்தது. "பையா, பஸ் சலா ஜாயேகா", அண்ணா, பஸ் போய்விடும் என்று கெஞ்சினான். அப்புறம் குரலை உயர்த்தினான். "இனிமே உங்களுக்கு ஆளே அனுப்ப மாட்டோம்" என்கிற அர்த்தத்தில் என்னவோ இந்தியில் சொன்னான். அந்தப் பெரியவர் தலையை மட்டும் ஆட்டினார். அவன் போனை எடுத்தான். இருபது நிமிடத்தில் வேறு இரண்டு பைலட்கள் வந்தார்கள். இருவருமே சின்ன வயதுக்காரர்கள்.

பதினேழு பேர் பணம் கட்டியிருந்தோம், ஆளுக்கு 3,500 ரூபாய். பறக்காவிட்டால் போச்சு. அந்தப் பணம்தான் அங்கே நின்றவர்கள் மனதில் வேலை செய்தது. "காசு கட்டியாச்சு, வந்தது வந்தோம்" என்றார்கள் சிலர். நான் என் மகளை அனுப்பவில்லை. பத்தொன்பது வயது, பல மாதம் கனவு கண்டவள், எல்லார் முன்னிலும் அழுதாள். என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, ரொம்பப் பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான் அந்தத் திருச்சிப் பிள்ளை. பஸ்ஸில் எங்களுக்கு முன் சீட். சென்னையில் ஐ.டி. வேலை. முதல் சம்பள உயர்வில் வந்த பணத்தில் இந்த ட்ரிப்.

காற்று நடுவில் ஒரு நிமிடம் அடங்கியது. அந்த ஒரு நிமிடத்தில் அவளை ஓட விட்டார்கள். தூக்கியது, பறந்தார்கள், கைதட்டினோம். மைதானத்துக்கு வந்து சேரவில்லை. கீழே காற்று மாறி, உயரம் வேகமாகக் குறைந்து, மைதானத்துக்கு முன்னாலேயே படிக்கட்டு வயல் ஒன்றில், கல் அடுக்கிய வரப்பின் மேல் விழுந்தார்கள். பைலட்டுக்குத் தோளில் அடி. அவளுக்குக் கால். அந்த வயலில் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள்தான் முதலில் ஓடி வந்தவர்கள். புல் சுமக்கும் துணியை விரித்து, அதில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். ஒரு அம்மா தன் சால்வையைக் கழற்றி அவள் மேல் போட்டார். திரும்ப வாங்கிக்கொள்ளவே இல்லை.

பாலம்பூர் மருத்துவமனைக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. டாக்ஸிக் காசு நான் கொடுத்தேன். கோஆர்டினேட்டரிடம் முதலுதவிப் பெட்டி கிடையாது. இன்சூரன்ஸ் உண்டா என்று கேட்டால், ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன் என்றான். ஆறு மணி பஸ் ஆறு மணிக்குக் கிளம்பியது. அவனும் அதில் போயாக வேண்டும், மீதிப் பேர் இருக்கிறார்களே. நானும் மகளும் அவளோடு தங்கினோம்.

"ஓகே கொடுத்தீங்களே" என்கிறீர்கள். எதற்கு ஓகே கொடுத்தோம் என்று சொல்கிறேன். பணம் கட்டும்போது போனில் ஒரு பக்கம் வந்தது, முழுக்க ஆங்கிலம். தள்ளித் தள்ளி இறக்கினால் கடைசியில் ஒரு கட்டம். அதைத் தொட்டால்தான் பணம் கட்டும் பக்கமே வரும். எல்லா ஆபத்துக்கும் நானே பொறுப்பு என்று அதில் இருந்ததாம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருபது வருடம் வேலை பார்க்கிற நானே அதை முழுசாகப் படிக்கவில்லை. காற்று சரியில்லாதபோது ஒரு பைலட் மறுத்த பிறகு இன்னொருவரைத் தேடிப் பறக்க வைப்போம் என்று அந்தப் பக்கத்தில் எந்த வரியிலும் இல்லை. அதற்கு நாங்கள் யாரும் ஓகே கொடுக்கவில்லை.

நான் ஊதிப் பெரிதாக்குவதாக நினைக்காதீர்கள். இமாச்சலத்தில் நடந்ததெல்லாம் செய்தியில் வந்தவைதான். பீரில் நடந்த விபத்தில் பெங்களூரைச் சேர்ந்த 12 வயதுச் சிறுவன் இறந்ததை அடுத்து, 2022 ஜனவரியில் அந்த மாநில உயர்நீதிமன்றமே தலையிட்டுப் பறப்பதை நிறுத்தி வைத்தது. 2024 பிப்ரவரியில் குலு பக்கம் டோபியில் தெலங்கானாவிலிருந்து வந்த இளம்பெண் ஒருவர் விழுந்து இறந்தார். பறப்பவரைச் சிறகோடு பிணைக்கிற ஹார்னஸ் வாரைச் சரியாகப் பூட்டாததுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்து பைலட்டைக் கைது செய்தார்கள். அதே வருடம் அக்டோபர் கடைசியில், பீர் வானத்தில் இன்னொருவரோடு மோதி பெல்ஜியத்துக்காரர் ஒருவர் இறந்தார். 2025 ஜனவரியில் குலு மாவட்டத்தில் பாராகிளைடிங் விபத்தில் இறந்தவர் நம் தமிழ்நாட்டுப் பையன். உங்கள் அட்டவணையைப் பார்த்துப் பணம் கட்டுகிற வயதுதான் அவருக்கும்.

பீரில் பறப்பதையே நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த ஊர் அதை நம்பி வாழ்கிறது. அங்கே உலகத்தரமான பைலட்கள் இருக்கிறார்கள். மறுநாள் அதை நானே பார்த்தேன்.

காலையில் நாங்கள் பீருக்குத் திரும்பியதும், டீக்கடையில் பறக்க மறுத்த அந்தப் பெரியவரே எங்களைத் தேடி வந்து, அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். என் அரைகுறை இந்தியில் பேசினோம். சீசனில் இது வாரா வாரம் நடப்பதுதான் என்றார். மறுத்தால் அடுத்த வாரம் கூப்பிட மாட்டார்கள். நாங்கள் கட்டுகிற பணத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் அவர் கைக்கு வருகிறதாம், அதுவும் பறந்தால் மட்டும். முந்தின நாள் அவருக்கு ஒரு பைசா கிடையாது. பில்லிங் வரை ஏறி இறங்கிய ஜீப் காசும் அவருடையதுதான்.

அப்புறம் என் மகளைப் பார்த்து, "இன்னைக்குப் போகலாம்" என்றார்.

பதினொரு மணிக்கு அதே சரிவு. வெயில் நன்றாக ஏறியிருந்தது. காற்றுப் பை எங்களை நோக்கி ஆடாமல் நின்றது. அவர் ஹார்னஸ் மாட்டுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் இரண்டு தொடை வார், அப்புறம் நெஞ்சு வார். ஒவ்வொரு பூட்டையும் போட்டுவிட்டு இழுத்துப் பார்த்தார். பிறகு அவளையே இழுத்துப் பார்க்கச் சொன்னார். அதன்பின் அவளைக் குனியச் சொல்லி மறுபடி தொடை வாரைப் பார்த்தார். ஹெல்மெட் பட்டைக்கும் தாடைக்கும் நடுவே ஒரு விரலை விட்டுப் பார்த்தார். "ஓடணும், நான் சொல்ற வரைக்கும் உட்காரக் கூடாது" என்று மூன்று தடவை சொல்லி, அவளையும் திருப்பிச் சொல்ல வைத்தார். ஐந்தாறு எட்டுத்தான் ஓடியிருப்பாள். கால் அந்தரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

மலைக் கழுகுகள் இரண்டு அவர்களுக்குப் பக்கத்திலேயே வட்டம் போட்டன. கழுகு சிறகடிக்காமல் சுற்றி ஏறுகிற இடத்தில்தான் ஏறுகாற்று இருக்கும் என்று அவர் அவளுக்குக் காட்டினாராம். இறங்கி வந்து அரை மணி நேரம் அவளுக்குப் பேச்சு வரவில்லை. முந்தின நாள் அழுததற்காக என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதே மலை, அதே பைலட். நடுவில் ஒரு ராத்திரி. அந்த ஒரு ராத்திரியைத்தான் உங்கள் அட்டவணை எங்களுக்குத் தர மறுக்கிறது. பறக்க முடியாமல் போனால் ஒரு நாள் வீணாகிவிடும் என்று நினைக்கிறீர்களா? 1960களில் திபெத்தியர்கள் வந்து குடியமர்ந்த காலனி அங்கே இருக்கிறது. விடியற்காலை மடாலயத்திலிருந்து நீளக்கொம்பு ஊதும் சத்தம் ஊர் முழுக்கக் கேட்கும். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே நடந்து போகலாம். கொஞ்ச தூரத்தில் அஹ்ஜூ ஸ்டேஷன், 1929இல் திறந்த குறுகிய ரயில் பாதை. எங்கள் கூட்டத்தில் மீதிப் பேருக்கு இதில் ஒன்றும் தெரியாது. பீர் என்றால் அவர்களுக்கு ஒரு வரிசை, ஒரு ஸ்பீக்கர், ஒரு பஸ். ஸ்பீக்கர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். பில்லிங்கில் பைலட்கள் ஒருவருக்கொருவர் கத்திக் கத்தித்தான் டேக் ஆஃப் சொல்கிறார்கள். அங்கே நம் ஆட்கள் ப்ளூடூத்தில் குத்துப்பாட்டு போட்டால் அது காதில் விழாது. கோஆர்டினேட்டர்தான் அதை அணைக்கச் சொல்ல வேண்டும்.

நான் கேட்பது இவைதான்.

பீரில் குறைந்தது இரண்டு இரவு வையுங்கள். பறப்பது முதல் நாள் முடியாவிட்டால் மறுநாள் காலையில் முடியட்டும். பறக்கிற நாளன்று இரவு டெல்லி பஸ்ஸை வைக்காதீர்கள். செலவு கூடுமென்றால் கூட்டுங்கள், நாங்கள் தருகிறோம். மணாலியில் ஒரு நாளைக் குறைத்தாலும் சரி.

பறக்க வேண்டாம் என்று பைலட் சொன்னால் பறக்கிற பணம் முழுவதையும் திருப்பிக் கொடுங்கள். அதைச் சின்ன எழுத்தில் இல்லாமல், விலைக்குப் பக்கத்திலேயே தமிழில் போடுங்கள். மறுத்த பைலட்டுக்கும் அன்றைக்கு ஒரு தொகை கொடுங்கள், உங்கள் பங்கிலிருந்து. சரியாகச் சொன்னதற்காக அவர் வீட்டில் அடுப்பு எரியாமல் போகக் கூடாது.

ஒருவர் மறுத்த பிறகு வேறு பைலட்டைத் தேடாதீர்கள். காற்றைப் பற்றிப் பைலட்டிடம் பேசும் அதிகாரம் கோஆர்டினேட்டருக்குக் கிடையாது என்று எழுத்தில் கொடுங்கள். பாவம், அந்தப் பையனுக்கும் அது ஒரு பாதுகாப்பு. பறக்காமல் கூட்டி வந்தால் ஆபீஸில் திட்டு விழாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தால் அவன் அன்றைக்கு அந்தப் போனை எடுத்திருக்க மாட்டான். அவனுக்கு முதலுதவிப் பயிற்சியும் ஒரு பெட்டியும் கொடுத்து அனுப்புங்கள்.

யார் எங்களைப் பறக்க வைக்கப் போகிறார், அவருடைய லைசென்ஸ் எண் என்ன, எவ்வளவு தொகைக்கு இன்சூரன்ஸ், விபத்தானால் யாரைக் கூப்பிடுவது என்பதை முந்தின நாளே தமிழில் தாளில் கொடுங்கள். கையெழுத்து வேண்டுமென்றால் அந்தத் தாளில் வாங்குங்கள், ஒரு ராத்திரி படிக்க நேரம் கொடுத்து.

மழைக்காலத்தில் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை இமாச்சலத்தில் பாராகிளைடிங்குக்குத் தடை. உங்களில் சிலருடைய ஆகஸ்ட் ட்ரிப்பிலும் "பாராகிளைடிங் (வானிலையைப் பொறுத்து)" என்று பார்த்தேன். சுதந்திர தின லீவுக்கு வருகிற பிள்ளைகளை அதைக் காட்டித்தான் இழுக்கிறீர்கள். அந்த வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

எங்களைக் கூட்டிப்போன நிறுவனத்துக்குத் தனியாக இரண்டு. அந்தத் திருச்சிப் பிள்ளையின் ஆபரேஷன் செலவு, அவள் இழந்த மூன்று மாதச் சம்பளம் இரண்டையும் கொடுத்துவிடுங்கள். பில்களை உங்களுக்கு ஏற்கெனவே அனுப்பியிருக்கிறாள், இதை எழுதச் சொன்னவளும் அவள்தான். அன்றைக்குப் பறக்காமல் இறங்கி வந்த எல்லாருடைய 3,500 ரூபாயையும் திருப்பிக் கொடுங்கள். என் மகளுடைய பணத்தை அந்தப் பெரியவருக்கு அனுப்பி வையுங்கள். அவர் நம்பர் உங்கள் கோஆர்டினேட்டரிடம் இருக்கிறது.

இந்த அக்டோபர் ட்ரிப்புக்கு ஆள் சேர்க்க ஆரம்பித்துவிட்டீர்கள். அது கிளம்புமுன் ஐந்தாம் நாளை மாற்றி, மாற்றிய அட்டவணையை எனக்கும் அதில் பெயர் கொடுத்திருக்கிற எல்லாருக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
போன அக்டோபரில் உங்கள் பஸ்ஸில் வந்த ஒரு அம்மா